எந்தக் கைக்குத் தூக்கட்டும்?

அருளுக்கு,

நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். போன சனிக்கிழமை ஜித்ராவில், உன் பள்ளித் திடலில், விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெயிலில் கறுத்துப் போய் நீ நின்றதைக் கண்ணாரப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். நான் கொண்டுவந்த கோழிப் பிரட்டலையும் நெத்திலிச் சம்பாலையும் கையில் வாங்கிக்கொண்டு, "என்னம்மா, ஒண்ணுமே பேச மாட்டேங்கிற? வெயிலா?" என்று கேட்டாய். ஆமாம், வெயில்தான் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். வெயிலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருந்தால் உன் மாணவிகள் எதிரிலேயே உன்னை அறைந்திருப்பேன். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத தற்காலிக வாத்தியாரை அவன் அம்மா வந்து அறைந்தாள் என்றால் அப்புறம் அந்தப் பள்ளியில் உன்னை யார் மதிப்பார்கள்? அதை நினைத்துத்தான் வாயை மூடிக்கொண்டேன். இப்போது திறக்கிறேன். எங்கேயும் எழுந்து போகாமல் உட்கார்ந்து முழுக்கப் படி.

நான் வேலிக்கு வெளியே வந்து நின்றதை நீ கவனிக்கவில்லை. கைப்பந்துத் திடலின் கடைசிக் கோட்டில் ஒரு பெண்ணைத் தனியாக நிறுத்தியிருந்தாய். மெலிந்த பிள்ளை, இரட்டைச் சடை, முழங்காலில் ஒரு பழைய துணியைக் கட்டியிருந்தாள். மற்றவர்கள் எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். கூடை நிறையப் பந்தை வைத்துக்கொண்டு, நெட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலியில் ஏறி நின்று, ஒவ்வொன்றாக அவள் மேல் ஓங்கி அடித்தாய். அவளைப் பார்த்து அடித்தாய் என்று எழுதவில்லை, அவள் மேல் அடித்தாய் என்று எழுதுகிறேன். ஒவ்வொரு பந்து பட்ட பிறகும் அவள் "தெரிமா காசே, சிக்கு" என்று மலாயில் வாத்தியாருக்கு நன்றி சொல்ல வேண்டும். சத்தம் குறைந்தால் அந்தப் பந்து கணக்கில் சேராது. தோளில் பட்டது, நன்றி சொன்னாள். வயிற்றில் பட்டுக் குனிந்தாள், குனிந்தபடியே நன்றி சொன்னாள். ஒரு பந்து மூக்கில் பட்டு ரத்தம் வந்தது. துடைத்துக்கொண்டு அதற்கும் நன்றி சொன்னாள். அப்போதுதான் நீ திரும்பி என்னைப் பார்த்தாய். ஓடி வந்தாய். உன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"பாத்தியாம்மா? அந்தக் கார்ட்டூன் மாரியே இருக்குல்ல? அடுத்த மாசம் ஃபைனல்லா. இப்படி அடிச்சாத்தான் ஜெயிக்க முடியும்!"

நான் பெருமைப்படுவேன் என்று நினைத்திருக்கிறாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான்.

அந்தக் கார்ட்டூனை நான் மறக்கவில்லை. ரப்பர் தோட்டத்தை விட்டுச் சுங்கைப்பட்டாணி டவுனுக்கு வந்து, பாக்கார் ஆராங் பக்கம் வாடகை வீட்டில் இருந்த புதிது. உன் அப்பா தொழிற்சாலையில் காவல் வேலைக்குச் சேர்ந்து, பழைய கறுப்பு வெள்ளை டீவி ஒன்றை எங்கிருந்தோ தூக்கிக்கொண்டு வந்தார். சாயங்காலத்தில் அந்த ஜப்பான் பெண்கள் வருவார்கள். பெரிய பெரிய கண்ணை வைத்துக்கொண்டு மலாயில் பேசுவார்கள். ஒருத்தி ஸ்மாஷ் அடிக்க எம்பினால் கீழே இறங்க அடுத்த வாரம் ஆகும். நடுவானத்தில் நின்று தன் பிறப்பு வளர்ப்பு எல்லாம் யோசித்து முடித்துவிட்டுத்தான் பந்தைத் தொடுவாள். பந்து முட்டை மாதிரி நீண்டுகொண்டு பறக்கும். உன் அப்பா, "இவளுங்க இறங்குறதுக்குள்ள நான் டூட்டிக்குப் போயிட்டு வந்துருவேன்" என்று கிண்டல் பண்ணுவார். நாம் இருவரும் அவரைச் சும்மா இருக்கச் சொல்வோம். அடுப்பில் சோறு குழைந்துபோன நாட்கள் உண்டு. மாதா கோயில் பூசைக்குப் போகத் தாமதமாகி, சாமியார் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே நுழைந்த நாளும் உண்டு.

எனக்கு ஏன் அப்படிப் பிடித்தது தெரியுமா? எங்கேயோ ஜப்பானில் உட்கார்ந்து படம் வரைகிறவனுக்கு என் முழங்கை எப்படி எரிந்தது என்று தெரிந்திருந்தது. எட்டாது என்று தெரிந்தும் ஒரு பெண் பந்துக்காகப் பாய்ந்து, புழுதியில் சறுக்கிக்கொண்டு போவாள் பார், அப்போது நானும் முழங்கையை ஊன்றி முன்னால் சாய்வேன். ஆட்டத்துக்கு முன்னால் எல்லோரும் கையை ஒன்றின்மேல் ஒன்றாக வைப்பார்களே, அதைப் பார்த்தால் என் கை தானாக எழும்பும். பாலிங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், விடிவதற்கு முன் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய், மரம் சீவி, பாலைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடந்து, சமைத்து, துவைத்து, அதற்கப்புறம் சாயங்காலம் எங்கள் வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால் இருந்த திடலில் இறங்கும்போது நான் யாருடைய மனைவியும் இல்லை, யாருடைய மருமகளும் இல்லை. "இங்க தூக்குடி!" என்று கத்தினால் பந்து எனக்கு வரும். அது மட்டும்தான் நான் கேட்டு எனக்குக் கிடைத்தது. அதைத்தான் அந்தப் பெண்கள் முகத்தில் பார்த்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நீ வேறு யாரையோ பார்த்திருக்கிறாய். அந்தக் கறுப்புக் கண்ணாடி போட்ட கோச்சை. பெண்கள் விழ விழ, கையைக் கட்டிக்கொண்டு "எழுந்திரு" என்று சொல்கிற ஆளை. அவர் அடித்தால் அது அக்கறை என்று படத்தில் கடைசியில் சொல்லிவிடுவார்கள், நீயும் நம்பிவிட்டாய். படத்தில் அவர் அடித்த அடிக்கெல்லாம் கட்டு அடுத்த வாரமே அவிழ்ந்துவிடும், அதையும் நம்பிவிட்டாயா? பந்தைப் பிடிக்கப் பாய்ந்து விழுந்து முட்டி தேய்வது வேறு விஷயம். எனக்கும் தேய்ந்திருக்கிறது, அந்தத் தழும்பை யாருக்கும் காட்டுவேன். ஓடவிடாமல் ஒரு பிள்ளையை ஒரே இடத்தில் நிற்கவைத்து மேலே எறிவதற்குப் பெயர் பயிற்சி இல்லை.

இது மட்டும் என்றால்கூட உன்னை நேரில் கூப்பிட்டுத் திட்டியிருப்பேன், கடிதம் எழுதியிருக்க மாட்டேன். பஸ் ஸ்டாண்டில் நடந்ததைக் கேள்.

அலோர் ஸ்டார் பஸ்ஸுக்குக் காத்திருந்த பெஞ்சில் அந்தப் பிள்ளை வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூக்கில் கைக்குட்டை. நான் யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. நான் வேலியோரம் நின்றபோது அவள் தலையை நிமிர்த்திப் பார்க்கவே இல்லையே. தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். பெயர் சாந்தி என்றாள். அப்பா சலவைக் கடை வைத்திருக்கிறாராம். வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். தண்ணீரைக் குடித்துவிட்டு அவளாகவே பேசினாள்.

"ஆன்ட்டி, நான் இனிமே வெளையாடப் போறதில்ல. திங்கக்கெழம ஜெர்சியத் திருப்பிக் குடுத்துருவேன்."

"உனக்குப் புடிக்கலையா?"

"ஐயோ, ரொம்பப் புடிக்கும் ஆன்ட்டி. பந்து சரியா கையில பட்டா ஒரு சத்தம் வரும்ல, அது கேக்கவே நான் வர்றேன். ஆனா எனக்குத் தைரியம் பத்தாது. சாரோட அம்மா இருக்காங்கள்ல, அவங்க வெரல் ஒடஞ்சும் ஆடி ஜெயிச்சாங்களாம். அடிச்சப்ப ஒரு சொட்டுக்கூட அழலையாம். சார் எப்பவும் சொல்வாரு. நான் வீட்டுக்குப் போயி அழுதுட்டேன் ஆன்ட்டி, நேத்தும் அழுதேன். நான்லாம் அவங்க மாரி வர முடியாது."

அருள், நான் என் வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். அந்தப் பிள்ளையை அடிக்க நாற்காலியில் ஏறி நின்றாயே, அந்த நாற்காலி நான்தானா? என்னைக் கேட்டாயா? என் விரலை எடுத்து இன்னொருத்தியின் பிள்ளையைக் குத்த உனக்கு யார் உரிமை கொடுத்தது? நான் பேச வாயெடுப்பதற்குள் அவள் பஸ் வந்துவிட்டது. "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டாள். அந்தப் பிள்ளைக்கு எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லப் பழக்கமாகிவிட்டது.

அந்த விரல் கதையை நான்தான் உனக்குச் சொன்னேன், இல்லை என்று சொல்லவில்லை. டீவியில் ஒருத்தி கையில் கட்டோடு ஆடினாள். எனக்கு உற்சாகம் வந்து, "அம்மாவும் இப்படி ஆடியிருக்கேண்டா" என்று கொக்கி மாதிரி கோணியிருக்கும் இந்த மோதிர விரலைக் காட்டினேன். சின்ன வயதில் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போகும்போது நீ பிடித்துக்கொண்டு நடப்பாயே, அதே விரல். விரல் ஒடிந்தது, மறுநாள் ஆடினேன், ஜெயித்தோம் என்றேன். உன் கண் விரிந்தது. பிள்ளை இப்படிப் பார்க்கும்போது எந்த அம்மா நிறுத்துவாள்? மிச்சத்தைச் சொல்ல வேண்டிய அவசியம் வரும் என்று அன்று தெரியவில்லை. இன்று வந்துவிட்டது.

எங்கள் பெண்கள் அணியைப் பழக்கியவர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. காலையில் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடுகிறவரும் அவர்தான். யார் நல்ல மரத்துக்குப் போகிறாள், யார் மேட்டுக் காட்டுக்குப் போகிறாள், யாருக்கு அன்றைக்கு வேலையே இல்லை, எல்லாம் அவர் வாயில் இருந்தது. அதே வாய்தான் சாயங்காலம் விசில் ஊதியது. முந்தின நாள் சர்வீஸைத் தவறவிட்டவளைக் காலையில் பேர் கூப்பிடும்போது எல்லோர் எதிரிலும் கேலி பண்ணுவார். ஆட்டத்தில் பதில் பேசினால் மறுநாள் தூரத்து மர நிரைதான். அதனால் அவர் கடைசிக் கோட்டில் நிற்கவைத்துப் பந்தால் அடித்தபோது நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? "சரிங்கய்யா." ஒவ்வொரு பந்துக்கும் "சரிங்கய்யா." வெளித்தோட்டத்திலிருந்து வந்த ஆட்கள் பார்த்துவிட்டு, என்ன கட்டுப்பாடு, என்ன ஒழுங்கு என்று மெச்சிக்கொண்டு போனார்கள். அது ஒழுங்கு இல்லை. விடிந்தால் அவர் வாயில் எங்கள் பேர் வர வேண்டும் என்ற பயம். பள்ளியில் காலையில் பேர் கூப்பிடுவது யார், அருள்? பரீட்சைத் தாள் திருத்துவது யார்? ஆட்டக்காரர்கள் பட்டியலில் பேர் எழுதுவதும் அடிப்பதும் யார்? சாந்தி எதிர்த்துப் பேசாமல் நின்றதை நீ தைரியம் என்று எடுத்துக்கொண்டாய்.

மே தினத்தில் பக்கத்துத் தோட்டத்தோடு ஆட்டம் வைத்திருந்தார்கள்; இது அதற்கு முந்தின நாள் பழக்கத்தில் நடந்தது. கிராணிக்கு அன்றைக்கு என்ன கோபமோ தெரியவில்லை, ஒரு சர்வீஸை நெட்டில் அடித்துவிட்டேன் என்று என்னை நிறுத்திவிட்டார். பந்து நேராக விரல் நுனியில் வந்து மோதியது. படக்கென்று ஒரு சத்தம். "சரிங்கய்யா" என்றேன். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் குச்சி வைத்துக் கட்டினார், ஆடக் கூடாது என்றார். கிராணியோ, வராவிட்டால் வீட்டிலேயே இருந்துகொள், வேலைக்கும் வராதே என்றார்.

மறுநாள் ஆட்டத்துக்குப் போனேன். எங்கள் அணியில் பந்து தூக்கிக் கொடுப்பவள் பாக்கியம், அடுத்த லயத்துக்காரி. பெரிய வாயாடி, கையோ பஞ்சு மாதிரி. ஆட்டம் தொடங்குவதற்கு முன் என் பக்கத்தில் வந்து, கிராணிக்குக் கேட்காதபடி குனிந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏண்டி, எந்தக் கைக்குத் தூக்கட்டும்?"

இடது கைக்கு என்றேன். அவ்வளவுதான். ஆட்டம் முழுக்க அவள் எனக்கு மட்டும் பந்தை நெட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் தாழ்வாக, இடது கைக்கு வாகாகத் தூக்கினாள். ஒரு பந்துகூட என் வலது பக்கம் வரவில்லை. என் பக்கம் வந்த சர்வீஸை எல்லாம் அவளே ஓடி ஓடி எடுத்தாள். மற்றவர்களும் புரிந்துகொண்டு இடம் மாறி நின்றார்கள், கிராணி கத்தியும் மாறவில்லை. ஜெயித்தது இப்படித்தான். விரலை உடைத்ததால் ஜெயிக்கவில்லை. ஒருத்திக்கு உடைந்துவிட்டது என்று மற்றவர்கள் தெரிந்து ஆடியதால் ஜெயித்தோம். அந்தக் கார்ட்டூனிலும் ஒரு பெண் இருந்தாளே, பந்தைத் தூக்குமுன் அடிக்கப் போகிறவளின் காலைப் பார்ப்பாளே, அவள் வந்தாலே "பாக்கியம் மாதிரி" என்று நான் சொல்வேனே. அது உன் காதில் ஏறவே இல்லை. கோச் மட்டும் ஏறிவிட்டார்.

கோப்பையைத் துரையிடமிருந்து கிராணி வாங்கினார். படம் எடுத்தார்கள். நாங்கள் பின்னால் நின்றோம். அடுத்த வாரம் கட்டைப் பிரித்தபோது விரல் கோணியிருந்தது. உளியைப் பிடித்தால் பிடி நழுவியது. மரம் சீவுவதில் கொஞ்சம் ஆழமாக இறங்கினாலும் மரத்துக்குக் காயம், உனக்குத் தெரியும். பெரட்டில் என் பேர் வந்தது. கிராணி என் கையைப் பார்த்துவிட்டு எல்லோர் எதிரிலும் சொன்னார்: "ஒன் வெரலு கோணிப் போச்சு. இனி மரத்துல காயம் போடுவ. புல்லுவெட்டுக்குப் போ." உடைத்த ஆளே சொன்னார். மருந்துக்குக்கூட வருத்தம் இல்லை. சரிங்கய்யா என்று சொல்லிவிட்டுப் போனேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் சீவிய மரங்களை வேறு ஒருத்திக்குக் கொடுத்தார்கள். அதற்கப்புறம் நான் திடல் பக்கமே போகவில்லை. பாக்கியம் வந்து வந்து கூப்பிட்டுப் பார்த்து ஓய்ந்துவிட்டாள். பந்துச் சத்தம் லயம் வரைக்கும் கேட்கும், கதவைச் சாத்திக்கொள்வேன். உன்னோடு உட்கார்ந்து அந்தக் கார்ட்டூனைப் பார்க்கும் வரைக்கும் அந்தச் சத்தத்தை நான் விரும்பிக் கேட்டதே இல்லை.

சாந்தியும் கதவைச் சாத்திக்கொள்ளப் போகிறாள். அதுவும் என் பேரைச் சொல்லிச் சாத்திக்கொள்ளப் போகிறாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நீ கெட்டவன் இல்லை என்று எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளுக்காக உன் சொந்தக் காசில் பந்து வாங்கியதும் தெரியும், வெயில் மழை பார்க்காமல் நிற்பதும் தெரியும். அதையெல்லாம் சொல்லித் தப்பித்துக்கொள்ளாதே. கிராணிகூட மழையில் நின்றார்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் சாந்தி வீட்டுக்குப் போ. விசிலைக் கழற்றி வைத்துவிட்டுப் போ. அவள் அப்பா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தால் முடிக்கும் வரைக்கும் வெளியே நில். அவர் உன்னைத் திட்டினால் கேட்டுக்கொள், பதில் பேசாதே. அந்தப் பிள்ளையிடம் நீ செய்தது தப்பு என்று சொல். ஃபைனல், கோப்பை என்று எதையும் இழுக்காதே. திரும்பி வா என்று கேட்காதே. வருவதா வேண்டாமா என்று அவள்தான் சொல்ல வேண்டும். வந்தால், முதலில் பாக்கியத்தின் கேள்வியைக் கேட்டுவிட்டு அப்புறம் பந்தை எடு. வராவிட்டால், அது உன்னால் என்று தெரிந்துகொண்டு மற்ற பிள்ளைகளைப் பழக்கு. கிறிஸ்மஸுக்கு நீ வீட்டுக்கு வருவது, அங்கே போய்விட்டுத்தான். போகாமல் வந்தால் கதவைத் திறக்க மாட்டேன், உன் அப்பாவையும் திறக்க விட மாட்டேன்.

அவளிடம் இன்னொன்றையும் சொல். அந்த அம்மா அழவே இல்லை என்று நீ சொன்னது பொய். விரல் ஒடிந்த சாயங்காலம், கட்டுப் போடுவதற்கு முன், நான் நேராக ஆயாக் கொட்டகைக்குத்தான் போனேன். வேலைக்கும் பழக்கத்துக்கும் போகும்போது பிள்ளைகளை அங்கேதான் விட்டிருப்போம். கைக்குழந்தையாக இருந்த உன்னை வாங்கிக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போய், யாரும் பார்க்காத இடத்தில் தரையில் உட்கார்ந்து, வாயைத் திறந்து அழுதேன். நீ என் முகத்தையே பார்த்தாய். அப்புறம் வீங்கிப்போயிருந்த அந்த விரலை இரண்டு கையாலும் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாய். வலி உயிர் போனது. இழுத்துக்கொள்ள மனம் வரவில்லை. நான் அழுததைப் பார்த்த ஒரே ஆள் நீதான், அருள். போய் அந்தப் பிள்ளையிடம் சொல்.

உன் அம்மா